ரெண்டு புள்ளடியும் குடத்துக்கு

வந்தாறுமூலை
05.02.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தோட்டத்து ஆபீஸில் என் கையெழுத்தோடு ஒரு கடிதம் கிடப்பதைப் பார்த்ததும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். எனக்கு ஒன்றுமில்லை. மட்டக்களப்பு வெயிலில் கொஞ்சம் கறுத்திருக்கிறேன், அவ்வளவுதான். போனில் பேசலாம் என்றால் நீங்கள் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டு முடிப்பதற்குள் போன் அம்மா கைக்குப் போய்விடுகிறது. அதற்கும் நீங்கள் இரண்டு பேரும் சிக்னலைத் தேடி ரோட்டு வளைவு வரைக்கும் ஏற வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுதித்தான் பதில் தர வேண்டும்.

கடைசி வருட ஆய்வுக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு, பழைய மட்டக்களப்புத் தேர்தல் தொகுதியின் வரலாறு. அறுபதாம் ஆண்டிலிருந்து அது இரட்டை அங்கத்தவர் தொகுதி. அதாவது, ஒரே தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கு இரண்டு பேர் போவார்கள். தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இடம் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் ஆள் கிடைக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. ஆளுக்கொன்றாகவும் போடலாம், இரண்டையும் ஒருவருக்கேயும் போடலாம். பிறகு மாவட்ட முறை வந்து அந்தத் தொகுதியே இல்லாமல் போய்விட்டது.

என் அறைத்தோழி இஷ்ரா காத்தான்குடிக்காரி. போன வாரம் அவளுடைய சாச்சாவிடம் (சித்தப்பா) போய் அந்தக் காலத்துத் தேர்தல்களைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில்தான் நினைவு வந்தது, எழுபத்தேழில் நம்முடைய நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதி மூன்று பேரை அனுப்பியது. அப்படியானால் தாத்தாவுக்கு மூன்று வாக்கு இருந்திருக்கும். அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். சிரிப்புக் காட்டாமல் எழுதுங்கள். விரிவுரையாளருக்குக் காட்ட வேண்டும்.

குழாயில் தண்ணீர் வருவதில்லை, வேலை முடிந்து வந்து இன்னும் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குத்தான் போகிறேன் என்று அம்மா சொன்னாள். அதையும் எழுதுங்கள். அவள் குரல் நன்றாக இல்லை.

உங்கள் மகள்
தனுஷிகா

*

கீழ்க்கணக்கு, மஸ்கெலியா
12.02.2024

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் கொடுத்தபோது நான் கையெழுத்துப் போட்டு வாங்கப் பார்த்தேன். சாதாரணக் கடிதத்துக்குக் கையெழுத்து வேண்டாம் என்று கிளாக்கர் தம்பி சொன்னார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறதே, சும்மா எப்படி வாங்குவது? ஓ.எல். பரீட்சை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கணக்கில் விழுந்து, ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிற எனக்கு, கடிதம் எழுத ஒரு மகள் கிடைத்திருக்கிறாள். ஹட்டன் வரைக்கும் போன சவாரிக்காரர்கள் எல்லோருக்கும் இந்த விஷயம் தெரியும். ஒருவர் பாதி வழியில் இறங்கிக்கொண்டார்.

சரி, எழுபத்தேழு. அப்போது எனக்குப் பத்து வயது. பெரிய சம்பவம் ஏதும் நடந்தால் நான் அந்த இடத்தில் இருக்க மாட்டேன் என்பது என் ஜாதகம். அன்றைக்கும் எங்கேயோ கொய்யா மரத்தில் இருந்தேன். ஆகவே உன் தாத்தா சொல்லக் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது தாத்தாவுக்கு மட்டும்தான். மற்றவர்களில் பாதிப்பேர் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மீதிப்பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முழு லயத்துக்கும் வாக்குள்ள ஆள் ஒருவர், அந்த ஒருவர் கையில் மூன்று வாக்கு. விடுவார்களா? தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து வாசல் நிறைய உட்கார்ந்துவிட்டார்களாம். ஒன்றை ரோட்டுப் போடுகிறேன் என்று சொல்லிப் போனவருக்குப் போடு என்றது ஒரு பக்கம். ஒன்றை ஆஸ்பத்திரி கேட்டால் தருவார் என்று இன்னொருவர் பெயரைச் சொன்னது இன்னொரு பக்கம். மிச்சமிருக்கிற ஒன்றைத் தோட்டத்து ஆளான நம்மவருக்குப் போட்டுக்கொள் என்று பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார்களாம். தாத்தா எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்துத் தலையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

ஜூலை மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தார். வாசலில் மறுபடியும் கூட்டம். என் வாக்கு யாருக்கு, என் வாக்கு யாருக்கு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்போது தாத்தா சொன்னது இது:

"வாக்கு இல்லாதவங்க இத்தனை பேரு. என் கையில இருந்தது மூணு. அதையும் பிரிச்சா யாருக்கும் காணாது. மூணையும் நம்ம ஆளுக்கே போட்டுட்டேன்."

தொகுதியிலிருந்து போன மூவரில் மூன்றாவது ஆளாக நம்மவரும் போனார். மூன்றாவது என்றால் என்ன, உள்ளே போய்விட்டார் அல்லவா? நாற்பத்தேழுத் தேர்தலுக்குப் பிறகு நம் பிரஜாவுரிமையைப் பறித்த காலத்திலிருந்து அப்போதுதான் நம் பக்கத்திலிருந்து வாக்கில் வென்று ஓர் ஆள் போனது என்று தாத்தா சொல்வார். வாக்கே இல்லாத லயம் அன்றைக்கு விடியும்வரை தப்பு மேளம் அடித்தது.

இனித் தண்ணீர்க் கதை. தொட்டி, தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்குக்கும் மேலே இருக்கிறது, உனக்குத் தெரியும். வால்வுக் கூண்டின் சாவி குடிநீர்ச் சங்கத்தில் தெரிவாகும் இரண்டு பேரிடம் இருக்கும். அங்கே தலை அதிகம், இங்கே கீழ்க்கணக்கில் குறைவு. கை தூக்கித் தெரிவு செய்தால் இரண்டு பேரும் மேல்கணக்குதான். இப்போது இருப்பது உன் தாய்மாமன் சின்னராசாவும் அவருடைய கூட்டாளி யோகேஸ்வரனும். நமக்குக் காலையில் திறப்பார்கள். மேல்கணக்குக்கு மத்தியானம் திறப்பார்கள். மூன்று மணிக்குப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் டவுனுக்கு இறங்கிவிடுவார்கள். கேட்டால் தொட்டி நிறையட்டும் என்பார்கள். உன் அம்மா தராசில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது குழாய் காற்றைத்தான் ஊதும். அவள் குடத்தோடு பீலிக்குப் போய் வரிசையில் நின்று திரும்பும்போது இருட்டிவிடும். இந்த வறட்சியில் பீலியும் நூல் மாதிரித்தான் விழுகிறது. தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு பிடித்துவிட்டது. குரல் நன்றாக இல்லாததற்கு அதுதான் காரணம்.

மார்ச் மாதம் மகாசபைக் கூட்டம். இந்த முறை கீழ்க்கணக்கிலிருந்து ஓர் ஆள் சாவியை வாங்கியே ஆக வேண்டும். அதற்குத் தகுதியான, பேச்சுத் திறமையுள்ள, நாலு இடம் போய்வந்த ஓர் ஆள் இங்கே இருக்கிறார். தன்னடக்கம் கருதிப் பெயரை எழுதவில்லை.

உன் அப்பா
சோலைமலை

*

வந்தாறுமூலை
20.02.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்குக் கோபம். தாத்தாவின் இந்தக் கதையை இருபத்திரண்டு வருடம் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்? சின்ன வயதில் எனக்கு நீங்கள் சொன்னதெல்லாம் சிறுத்தையைக் கண்டு நீங்கள் ஓடிய கதையும், பிறகு அது நாய் என்று தெரிந்த கதையும்தான். விரிவுரையாளர் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கொய்யா மரம் வந்த இடத்தில் சிரித்தார். நான் சிரிப்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

ஆனால் அப்பா, தாத்தா செய்ததை நீங்கள் ஏன் செய்யக்கூடாது? சாவிக்காரர் இரண்டு பேர் என்றால் உங்கள் சங்கமும் ஒரு இரட்டை அங்கத்தவர் தொகுதிதான். ஆளுக்கு இரண்டு வாக்குக் கேளுங்கள். இரண்டையும் ஒருவருக்கே போடலாம் என்ற விதியையும் கேளுங்கள். கணக்கில் விழுந்தவர் என்பதால் மெதுவாகச் சொல்கிறேன். மொத்தப் பேரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே இருப்பவர்கள், தங்கள் இரண்டு வாக்கையும் பிரிக்காமல் ஒரே ஆளுக்குப் போட்டால், அந்த ஆளை யாராலும் தள்ள முடியாது. மற்றப் பக்கம் இரண்டு பேரை நிறுத்தினால் அவர்களுடைய வாக்கு இரண்டாகப் பிரிந்தாக வேண்டும். கீழ்க்கணக்கில் அதற்கு வேண்டிய பேர் இருக்கிறோம்.

இன்னொன்று. கை தூக்கும் முறை வேண்டவே வேண்டாம். மாமா முன்னால் நம் ஆட்களுக்குக் கை தோளுக்கு மேல் போகாது. வாக்குத் துண்டில் புள்ளடி போட்டுப் பெட்டியில் போட வேண்டும்.

பெயரை எழுதாத அந்தத் திறமைசாலி யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். அவர் நிற்பதைப் பற்றி அம்மா என்ன சொல்கிறாள்?

தனுஷிகா

*

கீழ்க்கணக்கு
03.03.2024

அன்பு மகளுக்கு,

எழுத நிறைய இருக்கிறது. அதில் பாதி எனக்கு நடந்த அவமானம். அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் வெற்றிச் செய்தி. நீர் விநியோகத்துக்குப் பொறுப்பான மிஸ் போன வாரம் வந்தார். சிங்கள மிஸ்தான், ஆனால் நாம் பேசுவது எல்லாம் விளங்கும். சங்கக் கமிட்டியும் இருந்தது. நான் எழுந்து ஆளுக்கு இரண்டு வாக்கு என்றேன். மட்டக்களப்பில் அப்படித்தான் இருந்தது, நுவரெலியா மஸ்கெலியாவில் மூன்றே இருந்தது, நான் பேராசையில்லாமல் இரண்டுதான் கேட்கிறேன் என்றேன். எல்லோரும் உன் மாமாவைப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

"எங்க பக்கம்தான் ஆள் கூட. ஆளுக்கு ரெண்டுன்னா எங்களுக்குத்தானே ரெட்டிப்பு? போடட்டும் மச்சான், போடட்டும்" என்றார்.

நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். அது எனக்கு இயல்பாகவே வரும். இரண்டையும் ஒருவருக்கே போடலாம் என்ற விதியையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார், அப்படி யார் போடப் போகிறார்கள் என்ற நம்பிக்கை. கை தூக்குவதா, துண்டா என்ற பேச்சு வந்தது. ஆளுக்கு இரண்டு வாக்கு என்றால் இரண்டு கையையும் தூக்க வேண்டி வரும், பார்ப்பதற்குப் பொலிஸில் சரணடைகிற மாதிரி இருக்கும் என்றேன். மிஸ் சிரித்துவிட்டுத் துண்டு என்று எழுதிக்கொண்டார். மகாசபை பதினேழாம் திகதி ஞாயிற்றுக்கிழமை.

இனி அவமானம்.

அன்று மாலை நம் லயத்து ஆட்களை மாரியம்மன் கோயிலில் கூட்டினேன். சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தேன். தாத்தாவின் மூன்று புள்ளடியில் தொடங்கி மெதுவாக என் பெயரில் கொண்டுவந்து முடிப்பதாகத் திட்டம். தாத்தாவைத் தாண்டவில்லை. முன்னாள் காவல்காரர் சின்னத்தம்பி அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சோலை, நீ நல்லாத்தான் பேசுற. ஆனா ஒன் பேச்சைக் குடத்துல புடிக்க முடியாது. தண்ணி தூக்குறது யாரு, நாகலெட்சுமிதானே? அவளே நிக்கட்டும்."

கோயில் முழுவதும் சரி என்றது. அவ்வளவு வேகமாக, அவ்வளவு ஒற்றுமையாக நம் ஆட்கள் ஒரு விஷயத்தில் சேர்ந்து நான் பார்த்ததில்லை. என்னை வேண்டாம் என்று சொல்வதற்கு இத்தனை காலம் யாராவது அழைப்பார்கள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. இரண்டு நிமிடம் இஸ்திரி போட்ட சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன். மூன்றாவது நிமிடம் உன் அம்மாவைப் பார்த்தேன். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தூணோரம் நின்றாள். சின்னத்தம்பி அண்ணன் சொன்னது சரிதான் என்று எனக்கே பட்டது.

ஆனால் அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். "எங்க அண்ணனுக்கு எதிரா நின்னு நான் தண்ணி குடிக்கணுமா?" என்று கேட்டாள். எங்கள் கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தவர் அவர். வீட்டுக்கு வந்து குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள்.

அவள் ஒத்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில் நேற்று ஒரு ஒத்திகை வைத்தேன். எழுத்துத் தெரியாதவர்களுக்காக மிஸ் மூன்று சின்னம் தந்திருக்கிறார். மாமாவுக்குக் கதிரை, யோகேஸ்வரனுக்குக் குடை, நம் பக்கத்துக்குக் குடம். பழைய அட்டையில் படம் கீறி ஆளுக்கு இரண்டு புள்ளடி போடச் சொன்னேன். எண்ணிப் பார்த்தால் எல்லோரும் குடத்துக்கு ஒன்று, கதிரைக்கு ஒன்று! சாவு வீடு என்றால் முதல் ஆளாக வந்து நிற்கிற மனிதர் சின்னராசா, முறைக்கு ஒன்று போடாமல் எப்படி என்கிறார்கள். சின்னத்தம்பி அண்ணன் என்னிடமே கேட்கிறார், "ஒரே இலைக்கு ரெண்டு கரண்டி பாயாசம் ஊத்துற மாதிரி இருக்கே சோலை, பக்கத்து இலைக்காரன் பார்க்க மாட்டானா?"

பக்கத்து இலைக்குப் பரிமாறப் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். முகத்தைப் பார்த்தால் யாரும் ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. இப்படியே போட்டால் மாமா முதலாவது, யோகேஸ்வரன் இரண்டாவது, நாங்கள் பீலியில்.

நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும்.

அப்பா

*

வந்தாறுமூலை
08.03.2024

அப்பாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நாளை ஹட்டனுக்குப் போகும் ஒரு பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில், அம்மாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பேசிப் பேசிச் சம்மதிக்க வைக்கும் வேலையும் வேண்டாம். அது உங்களுக்கு ஆட்டோச் சவாரிக்குச் சரி. அவள் சும்மா இருக்கும் நேரம் பார்த்துக் கீழே இருப்பதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, நான் இங்கே மாதக்கணக்கில் படித்த தொகுதியில் ஒவ்வொரு தேர்தலிலும் இரண்டு பேர் வென்றார்கள். ஒருவர் வெல்வதற்காக மற்றவர் தோற்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாட்டையே அதற்காகத்தான் செய்தார்கள். தமிழருக்கு ஓர் ஆள் இருந்தால் முஸ்லிம்களுக்கும் ஓர் ஆள். நீங்கள் மாமாவுக்கு எதிராக நிற்கவில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். அவருடைய கதிரை அவருக்கே இருக்கட்டும். பக்கத்தில் காலியாகப் போகிற இடம் உங்களுடையது.

அப்பா, லயத்து ஆட்களுக்கும் இதையே சொல்லுங்கள். மாமாவுக்கு வாக்குப் போட மேல்கணக்கில் வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள், நாம் போடாவிட்டாலும் அவர் விழ மாட்டார். குடத்துக்கு நம்மைவிட்டால் ஆள் இல்லை. பாயாசக் கேள்வியை நான் விரிவுரையாளரிடமே கேட்கப் போகிறேன். அது நல்ல கேள்வி.

எனக்கு இங்கே படிப்பு ஓடவில்லை. ஆய்வு எழுத உட்கார்ந்தால் அம்மாவின் இடுப்புத்தான் கண்ணில் வருகிறது.

தனுஷி

*

கீழ்க்கணக்கு
19.03.2024

அன்பு மகளுக்கு,

நேற்று முன்தினம் மாலை வளைவில் ஏறி நின்று உன் அம்மா போனில் வென்ற செய்தியைச் சொல்லிவிட்டாள். நான் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன், போன் கிடைக்கவில்லை. என்ன நடந்தது என்பது அவள் சொன்னதில் இல்லை. அதை நான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு, "அப்பச் சரி. அண்ணனும் இருக்கட்டும், நானும் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கீரையைக் கழுவப் போனாள். கழுவத் தண்ணீர் இல்லை.

அதற்குப் பிறகு அவள் வாக்குக் கேட்டு ஒரு வீடு ஏறவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனாள், கொழுந்து எடுத்தாள், வந்தாள். வாக்குக் கேட்காத வேட்பாளருக்காக நான் மட்டும் லயம் லயமாக அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ரெண்டு புள்ளடியும் குடத்துக்கு, ரெண்டும் குடத்துக்கு என்று நான் சொல்லிச் சொல்லி, கடைசியில் என்னைக் கண்டாலே பிள்ளைகள் அதைப் பாட்டாகப் பாடினார்கள். மூன்றாவது ஒத்திகையில்தான் குடத்தில் இரண்டு புள்ளடியும் விழத் தொடங்கியது. சின்னத்தம்பி அண்ணன் மட்டும் கடைசிவரை எதையும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பிள்ளைகள் காப்பக மண்டபத்தில் கூட்டம். டவுனில் கடை வைத்திருக்கும் ஷிஹாப் நானா ஒரு பெரிய பிஸ்கட் தகரம் தந்தார், அதன் மூடியில் ஓட்டை போட்டு மேசையில் வைத்தார்கள். மூலையில் சேலையால் ஒரு மறைப்பு. ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். மேல்கணக்கு ஆண்கள் வரும்போது யோகேஸ்வரன் வாசலில் நின்று ஒன்று கதிரை, ஒன்று குடை என்று காதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் பக்கத்து வாக்கைச் சமமாகப் பிரித்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. நீ சொன்ன கணக்கை அவர்களே எங்களுக்காகச் செய்துகொண்டிருந்தார்கள்.

மிஸ் துண்டுகளைக் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து உரக்க வாசித்தார். குடம், குடம். கதிரை, குடை. குடம், குடம். கொஞ்ச நேரம் இப்படியே போயிற்று. மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டதா என்று நான் விரலில் எண்ணப் போய் வழக்கம்போலப் பாதியில் தவறவிட்டேன். ஆனால் கீழ்க்கணக்குத் துண்டுகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டிய நேரத்திலும் குடம் நிற்கவில்லை, மகளே. குடம், கதிரை. குடம், குடம். குடம், குடம். யோகேஸ்வரன் எழுந்துவந்து தகரத்துக்குள் எட்டிப் பார்த்தார். மிஸ்ஸே ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் மண்டபத்தின் இடது பக்கத்தைப் பார்த்தேன். மேல்கணக்குப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மாவும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எவ்வளவு பெரிய மடையன் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று நான் தலையைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு வால்வைப் பூட்டினால் மேல்கணக்குக் குழாயும் காய்ந்துதான் கிடக்கும். அந்தப் பெண்களும் உன் அம்மாவோடு ஒரே மலையில் நின்று, ஒரே தராசில் கொழுந்து நிறுத்து, ஒரே நேரத்தில்தான் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இன்னொரு பீலி, அவ்வளவுதான் வித்தியாசம். உன் அம்மா வாக்குக் கேட்டு எந்த வீட்டுக்கும் ஏன் போகவில்லை என்றால், கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் பகல் முழுக்க அவளுக்குப் பக்கத்து நிரையில் நின்றார்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒங்ககிட்ட சொன்னா ஹட்டன் வரைக்கும் தெரிஞ்சிருமே" என்றாள்.

முடிவு: நாகலெட்சுமி முதலாவது. சின்னராசா இரண்டாவது. யோகேஸ்வரன் வெளியே.

முதலாவது, மகளே! கடைசி இடத்தையாவது பிடித்துவிடலாம் என்று கிளம்பியவர்கள் நாங்கள். நம் ஆட்கள் எழுந்து கத்தினார்கள். சின்னத்தம்பி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று ஆடினார். நான் அழவில்லை, கண்ணில் ஏதோ விழுந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

கொஞ்சம் சத்தம் அடங்கியதும் மாமா உன் அம்மாவிடம் வந்தார். அவர் முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. தன் தங்கைக்குக் கீழே இரண்டாவதாக வருவது லேசா? நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அடி விழுந்தால் நடுவில் வாங்குவதற்கு.

"நாகு, எங்க வீட்டுக்காரியும் ஒனக்குத்தான் போட்டிருக்கா. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறா" என்றார்.

"எதுக்குண்ணே கேக்குறீங்க? அதுக்குத்தானே சேலை கட்டி மறைச்சிருக்கு" என்றாள் உன் அம்மா.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. யோகேஸ்வரனிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கி, தானே உன் அம்மா கையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "மச்சான், ஆளுக்கு ரெண்டுன்னு நீ கேட்டப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்றார். யோகேஸ்வரன் மட்டும் இன்னும் யாரோடும் பேசவில்லை. இரண்டு வருடம் கழித்து மறுபடி தெரிவு வரும், அவரும் வந்து கேட்கட்டும்.

அப்பா

*

வந்தாறுமூலை
26.03.2024

அன்புள்ள அப்பாவுக்கும் சாவிக்கார அம்மாவுக்கும்,

கடிதத்தை இஷ்ராவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலாவது என்ற இடத்தில் அவள் கட்டிலில் ஏறி நின்று கை தட்டினாள். விடுதி முழுவதும் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தது.

அப்பா, நான் சொல்லித் தந்த கணக்கில் நீங்கள் மூன்றில் ஒரு பங்குதான் தேடினீர்கள். நானும் அதற்குமேல் யோசிக்கவில்லை. மட்டக்களப்புத் தொகுதியில் தமிழர் இத்தனை, முஸ்லிம்கள் இத்தனை என்று அட்டவணை போட்டு அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அங்கேயும் எங்கோ ஒரு குழாயடியில் வேறு கணக்கு ஏதும் நடந்திருக்குமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது மறுபடியும் காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் போகிறேன். இந்த முறை பெண்களிடம் கேட்கப் போகிறேன். விரிவுரையாளர் இன்னும் ஒரு மாதம் தந்திருக்கிறார்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். தண்ணீர் வந்ததா?

தனுஷிகா

*

கீழ்க்கணக்கு
03.04.2024

அன்பு மகளுக்கு,

வந்தது. சாவி கைமாறிய பிறகும் ஏன் இத்தனை நாள் என்று கேட்காதே. குழாய்களைக் கழுவித் தொட்டியையும் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று உன் அம்மாவும் மாமாவும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் தொட்டிக்குள் இறங்கிச் சேறு அள்ளினோம். என்னை அடியில் விட்டார்கள்.

புதிய ஏற்பாடு இதுதான். பகலில் தொட்டி நிறையும். காலையில் இரண்டு கணக்குக்கும் கொஞ்ச நேரம் மாமா திறப்பார். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் உன் அம்மா திறப்பாள். ஒரு நாள் மேல்கணக்குக்கு முதலில், மறுநாள் நமக்கு. இருக்கிற தண்ணீர் இரண்டு கணக்குக்கும் காணுமா, காணாதா என்று எல்லோருக்கும் சந்தேகம்தான். மிஸ் வந்து அளந்து பார்த்துவிட்டுக் காணும் என்றார்.

நேற்றுத்தான் முதல் மாலை. தராசடியிலிருந்து நேரே உன் அம்மாவை ஆட்டோவில் ஏற்றித் தொட்டிக்குக் கொண்டுபோனேன். பின்சீட்டில் சாவியை மடியில் வைத்துக்கொண்டு அரசாங்க அதிபர் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வால்வைத் திருகும்போது அது அசையவில்லை. நான் உதவிக்குப் போனேன், தள்ளிவிட்டாள். தானே திருகினாள்.

மேல்கணக்குக்கு முதலில் என்பதால் அந்தப் பக்கம் லயம் லயமாகச் சத்தம் கேட்டது. குடங்களின் சத்தமும் அதற்கு மேல் பெண்களின் சத்தமும். பிறகு நம் பக்கம் திறந்தாள். நாங்கள் இறங்கி வீட்டுக்கு வந்தபோது குழாய் இருமிக்கொண்டிருந்தது. காற்று, கொஞ்சம் துரு, பிறகு தண்ணீர். நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தபடி நின்றேன், வாளி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வாசலில் ஓடி வீணாகிறது என்று அவள் அதட்டிய பிறகுதான் வைத்தேன்.

பீலிக்குப் போகாமல் வீட்டிலேயே குளித்தாள். தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். எதிர் மலையில் இன்னும் வெயில் இருந்தது. தேயிலைச் செடிகள் எல்லாம் மஞ்சளாக, தனித்தனியாகத் தெரிந்தன. நான் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, வேலை விட்டு வந்தப்புறம் இந்த வெயிலை நான் பார்த்ததே இல்லைங்க" என்றாள்.

அது மலையை விட்டு இறங்கும் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

உன் அப்பா
சோலைமலை